கேமை விட்டு எழுந்த பிறகும் கேம் தொடர்ந்தால் என்ன செய்வது?

ஒரு பொங்கல் விடுமுறையின் மூன்று நாட்களை, உறங்கிய நேரம் போக, துப்பாக்கிச் சுடும் மொபைல் கேம் ஒன்றிலேயே கழித்தேன். காணும் பொங்கலன்று காலை கடைத்தெருவுக்குப் போனபோது என் கண் காய்கறிகளின் மேல் நிற்கவில்லை. மாடிக் கைப்பிடிச் சுவர்களையும், பாதி திறந்திருந்த ஜன்னல்களையும், தண்ணீர்த் தொட்டிகளின் மறைவையும் வரிசையாகத் துழாவிக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ ரப்பர் செருப்பு சரசரக்க நடந்து வந்த ஓசை கேட்டதும் தோள் இறுகியது. வலது கட்டைவிரல் காற்றில் ஒரு பொத்தானை அழுத்தியது. வந்தவர் என்னைக் கடந்து போய்க் கீரைக்கட்டு ஒன்றை எடுத்து உதறிப் பார்த்தார். நான் அங்கேயே சற்று நேரம் நின்றேன். மனநிலையில் ஏதோ பிசகிவிட்டது என்ற அச்சம் அன்று முழுவதும் என்னை விடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

அதே அச்சத்தோடு, அதேபோல் யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நீண்ட நேரம் கேம் ஆடியபின் அன்றாட உலகம் சிறிது மாறித் தெரிவது ஏன், அதில் எதைப் பொருட்படுத்த வேண்டாம், எதில் கவனம் வேண்டும், எதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பவற்றை நான் படித்ததிலிருந்தும் எனக்குக் கைகொடுத்ததிலிருந்தும் சொல்கிறேன்.

முதலில் அச்சத்தைப் போக்கிக்கொள்ளுங்கள்

முறத்தில் அரிசியைப் பரப்பி ஒரு மணி நேரம் கல் பொறுக்கியவர் படுத்துக் கண்ணை மூடினால், இமைக்குள் அரிசியும் நடுநடுவே கறுத்த கல்லுமாகத் தெரியும். நாள் முழுவதும் படகில் இருந்தவர் கரையிறங்கினால் தரை ஆடும். மதியம் முழுவதும் கேரம் ஆடியவருக்குச் சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் இருக்கும் வடைகூட எந்தக் கோணத்தில் அடித்தால் எந்தக் குழிக்குப் போகும் என்று தோன்றும். கேம் செய்வதும் இதைத்தான். ஒரே வகைக் காட்சியையும் ஒரே வகை அசைவையும் மணிக்கணக்கில் கொடுத்தால் மூளை அதற்கேற்பத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. நாம் எழுந்து போன நொடியில் அந்தப் பழக்கம் நின்றுவிடுவதில்லை.

இதை முறையாக ஆராய்ந்தும் இருக்கிறார்கள். மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பி இடைவெளியின்றி அடுக்கும் கேம் டெட்ரிஸ். 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய அது உலகெங்கும் பரவியபின், அதை அதிகம் ஆடியவர்கள் அடுக்கி வைத்த பொருள்களையெல்லாம் மனத்துக்குள் திருப்பிப் பொருத்திப் பார்ப்பதாகச் சொல்லத் தொடங்கினர். 1990களில் இதற்கு ‘டெட்ரிஸ் விளைவு’ என்ற பெயரே வந்துவிட்டது. ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியின் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் உடன் பணியாற்றியவர்களும் 27 பேரை மூன்று நாட்களில் மொத்தம் ஏழு மணி நேரம் டெட்ரிஸ் ஆட வைத்து, உறக்கம் வரும் வேளையில் அவர்களுக்கு என்ன தெரிந்தது என்று கேட்டனர். 2000ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த அந்த ஆய்வில், 17 பேர் விழும் கட்டைகளைக் கண்டதாகச் சொல்லியிருந்தனர். அந்த 27 பேரில் ஐவர் மூளைப் பாதிப்பால் புதிய நினைவுகளைச் சேர்த்துக்கொள்ள இயலாதவர்கள். டெட்ரிஸ் ஆடியதே அவர்களுக்கு நினைவில் இல்லாதபோதும், மூவருக்குக் கட்டைகள் தெரிந்தன. இந்தத் தகவலைப் படித்தபோதுதான் என் அச்சம் உண்மையில் நீங்கியது. ‘நான் ஆடினேன்’ என்று நினைவில் வைத்துக்கொள்ளும் பகுதியும் ஆடியதைக் கண்ணிலும் கையிலும் சேர்த்துவைக்கும் பகுதியும் மூளையில் ஒன்றல்ல. இரண்டாவது பகுதி நம்மைக் கேட்காமலேயே தன் வேலையைச் செய்கிறது.

அஞ்செலிகா ஓர்டிஸ் தெ கோர்தாரி என்ற ஆய்வாளர் இந்த அனுபவங்கள் எல்லாவற்றையும் ‘கேம் இடம்பெயர் நிகழ்வுகள்’ என்ற பொருள்படும் ஒரே பெயரின்கீழ் கொண்டுவந்தார். 2011இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட முதல் ஆய்வு 15 முதல் 21 வயது வரையுள்ள 42 பேரின் நேர்காணல்களைக் கொண்டது. ரொட்டி கைதவறி விழுந்ததும், கேமில் காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் பொத்தானை விரல் தேடியதாகச் சொன்ன பையன் அதில்தான் வருகிறான். பின்னர் 2362 பேரிடம் இணையவழியே கேட்டபோது ஏறத்தாழ 97 சதவீதத்தினர் இதில் ஏதேனும் ஒன்றை ஒரு முறையாவது உணர்ந்ததாகச் சொன்னார்கள். தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு என்பதால் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. ஆனாலும் நீங்கள் தனி ஆள் இல்லை என்று காட்ட அது போதும்.

உங்களுக்கு நேர்வது எந்த வகை என்று பாருங்கள்

எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் ஒன்றையும் சரிசெய்ய முடியாது. முதலில் இது கண்ணா, காதா, கையா, எண்ணமா என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

கண்ணில் நேர்வதிலேயே இரண்டு வகை உண்டு. ஒன்று அசைவின் எச்சம். 1834இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறையைப் பார்த்தபோது, பாறை மேல்நோக்கி நகர்வதுபோல் தெரிந்ததை எழுதிவைத்தார். குற்றாலத்தில் ஒரு நிமிடம் விழும் நீரின் ஒரே இடத்தைப் பார்த்துவிட்டுப் பாறைக்குக் கண்ணைத் திருப்பினால் நீங்களும் இதைக் காணலாம். ஒரு திசை அசைவை மட்டுமே கவனிக்கும் நரம்பணுக்கள் ஓயாத வேலையால் மந்தமடைகின்றன. எதிர்த்திசைக்கு உரியவை மந்தமடையாமல் இருப்பதால் அசையாத பொருளும் எதிர்ப்பக்கம் நகர்வதாகப் படுகிறது. சுரக்குறிகள் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும் இசை கேம்களை ஆடிவிட்டுச் சுவரைப் பார்த்தால் சுவர் மேலே ஏறுவது இதனால்தான். முடிவில்லாமல் முன்னோக்கி ஓடும் கேம்களையும் கார்ப் பந்தயங்களையும் ஆடியபின் எதிரே உள்ளவை நம்மைவிட்டுச் சுருங்கி விலகுவதாகத் தோன்றும். இது பெரும்பாலும் சில நொடிகளில் அடங்கிவிடும். நெடுநேரம் ஆடியிருந்தால் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

மற்றொன்று படமாக வருவது. கண்ணை மூடியதும் திரை மூலையில் இருக்கும் சிறு வரைபடமான மினி மேப், சதுரக் கட்டைகள், உதிரும் மிட்டாய்கள் ஆகியவை ஓடும். சிலருக்குக் கண் திறந்திருக்கும்போதே, எதிரே நிற்பவர் தலைக்கு மேல், கேமில் எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் பச்சை நிற உயிர்க்கோடு இருப்பதாக ஒரு கணம் தோன்றி மறையும். பிளஸ் டூ படிக்கும் என் அக்கா மகன் ஒரு நாள் மொட்டைமாடியில் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான்: “மாமா, கிளாஸ்ல சார் உள்ள வந்தப்போ அவர் தலைக்கு மேல பேரு இருக்குன்னு நெனச்சு மேல பாத்தேன். எனக்கு ஏதாவது ஆயிடுச்சா?” அங்கே பெயர் உண்மையிலேயே தெரிந்ததா, இருக்கும் என்று எதிர்பார்த்துக் கண் போனதா என்று கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, “இல்ல மாமா, தெரியல. கண்ணுதான் தானா போச்சு” என்றான். இந்த ஒரு கேள்வியைப் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பார்க்கும் பழக்கம் மாறியிருப்பதற்கும் இல்லாத ஒன்று தெரிவதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. பிள்ளையைத் திட்டாமல் கேட்டால்தான் அந்தத் தூரம் நமக்குத் தெரியவரும்.

காதின் சங்கதி வேறு. மின்விசிறியின் இரைச்சல், மோட்டார் ஓடும் ஓசை, குளியலறையில் விழும் தண்ணீர் ஆகியவற்றுக்கு உருவம் இல்லை. மூளை அதற்குள் தனக்குப் பழகிய ஒலியைத் தேடி எடுத்துக்கொள்கிறது. காலடி ஓசையைக் கேட்டே பிழைக்க வேண்டிய கேமை ஹெட்செட் மாட்டி ஆறு மணி நேரம் ஆடியவருக்கு விசிறிக்குள் காலடி கேட்பது அதனால்தான். விசிறியை நிறுத்திப் பாருங்கள்; அதோடு ஓசையும் நின்றுவிட்டால் விஷயம் தெளிவு.

கையும் எண்ணமும் சேர்ந்தே வரும். தட்டு உடைந்ததும் சேவ் செய்த இடத்துக்குத் திரும்ப நினைப்பது, கதவு திறக்காதபோது விரல் ஒரு பொத்தானைத் தேடுவது, தெருவில் கிடக்கும் அட்டைப்பெட்டியைத் திறந்து பார்க்கத் தோன்றுவது ஆகியவை இவ்வகை. தோன்றுவதோடு நின்றால் கவலை இல்லை. கை உண்மையிலேயே முந்திக்கொண்டு செயல்படும் இடம்தான் கவனத்துக்குரியது.

எல்லாமே தொல்லை என்றும் சொல்ல மாட்டேன். சுவர்களில் தொற்றி ஏறும் கேம் ஒன்றைச் சில வாரங்கள் ஆடியபின் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனேன். கை பிடிக்கவும் கால் ஊன்றவும் இடம் எங்கே என்று தேடிய கண், விமானத்தின் அடுக்குகளையும் ஒவ்வோர் அடுக்கும் உள்வாங்கிச் செல்லும் அளவையும் அதுவரை பார்த்திராத நுணுக்கத்தோடு பார்த்தது. பலமுறை பார்த்த கோயில்தான். அன்றுதான் அதன் கட்டுமானம் எனக்குப் புரிந்தது.

ஆடும்போதே செய்ய வேண்டியவை

இடைவெளி விடுங்கள் என்ற அறிவுரையைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பீர்கள். எனவே அதைச் செய்யும் விதத்தை மட்டும் சொல்கிறேன். கடிகாரத்தில் அலாரம் வைத்தால் மேட்ச் நடுவில் அடிக்கும்; யாரும் எழ மாட்டார்கள். மணிக்கணக்கை விட்டுவிட்டு மேட்ச் கணக்கை வையுங்கள். இரண்டு மேட்ச் முடிந்ததும், அடுத்ததற்கான வரிசையில் நிற்பதற்கு முன்பே மொபைலை வேறொரு அறையில் வைத்துவிட்டு வர வேண்டும். திரும்பும் வழியில் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்து, ஜன்னல் வழியே தெரிவதிலேயே மிகத் தொலைவில் இருக்கும் பொருள் ஒன்றைப் பாருங்கள். தென்னை மட்டையோ கோபுர விளக்கோ எதுவாயினும் சரி. ஒரே தூரத்தில் குத்திட்டிருந்த கண்ணுக்கு அது விடுதலை.

அறை விளக்கை அணைத்துவிட்டு ஆட வேண்டாம். இருட்டில் திரை மட்டுமே உலகமாகிவிடுகிறது. சுவரும் மேசையும் ஓரக்கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால், எது அசைகிறது, எது நிலையாக நிற்கிறது என்ற ஒப்பீடு கண்ணுக்குக் கிடைத்துக்கொண்டிருக்கும். ஹெட்செட்டின் ஒலியையும், அம்மா கூப்பிட்டால் கேட்கும் அளவில் வையுங்கள்.

கண்களை மூடி மாட்டிக்கொண்டு கேம் உலகத்துக்குள்ளேயே இருப்பதாகக் காட்டும் மெய்நிகர் (விஆர்) ஹெட்செட் அணிந்து ஆடுவோர் இதைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும். கண் ஓடுகிறோம் என்கிறது. உடலின் சமநிலையை அறியும் உட்செவி நிற்கிறோம் என்கிறது. இந்த முரண்பாட்டுக்கு மூளை தன்னைச் சரிசெய்துகொள்வதால்தான் கழற்றிய பின்னும் தரை நழுவுவதுபோல் இருக்கிறது. ஆக்குலஸ் ஹெட்செட்டின் பாதுகாப்புக் குறிப்பேடே, தேவையில்லை என்று தோன்றினாலும் அரை மணிக்கு ஒருமுறை குறைந்தது 10 முதல் 15 நிமிடம் ஓய்வெடுக்கச் சொன்னது. முழுதும் தெளியும்வரை வாகனம் ஓட்டக் கூடாது என்றும் சொன்னது.

எழுந்த பிறகான முதல் ஒரு மணி நேரம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இந்தப் பகுதியைக் கடைப்பிடியுங்கள். படகிலிருந்து இறங்கியவர் உடனே ஓடுவதில்லை. தரை நிற்கும்வரை எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறார். கேமிலிருந்து எழுந்தவருக்கும் அப்படிக் கரையேறும் நேரம் ஒன்று வேண்டும்.

அந்த நேரத்தில் இருசக்கர வாகனத்தைத் தொடாதீர்கள். நெடுஞ்சாலையில் விரைந்து வந்து ஊருக்குள் நுழைபவருக்குத் தம் வேகம் குறைந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் முள் இன்னும் அறுபதில் நிற்கும். பந்தய கேம் ஆடிய கண்ணோடு வண்டியை எடுப்பவருக்கும் வேகமும் தூரமும் இவ்வாறே பிசகக்கூடும். போதாததற்கு, இடைவெளி தெரிந்தால் புகுந்துவிடும் கேமின் துணிச்சல் கையில் இன்னும் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு ஆட்டத்தை முடித்துவிட்டு, பசிக்கிறது என்று வண்டியில் ஏறிப் பரோட்டா கடைக்குக் கிளம்பும் தம்பிகளை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்தால் எனக்கு உறக்கம் வருவதில்லை. நடந்து போங்கள், இல்லையென்றால் இருப்பதைச் சாப்பிடுங்கள். ஒரு மணி நேரம் என்பது நானே பாதுகாப்புக் கருதி வைத்துக்கொண்ட அளவு; தலைச்சுற்றலோ குமட்டலோ இருந்தால் அது நீங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

கைக்கு எடை உள்ள வேலை ஒன்றைக் கொடுங்கள். எனக்கு மிகவும் உதவியது பாத்திரம் துலக்குவது. தண்ணீரின் குளிர்ச்சி, நாரின் சொரசொரப்பு, இட்லித் தட்டின் குழிகளில் விரல் நுழையும் விதம் ஆகிய எதையும் கண்ணாடித் திரை தருவதில்லை. கட்டைவிரல் இரண்டு மட்டும் வேலை செய்த கைக்குப் பத்து விரல்களும் திரும்பக் கிடைக்கின்றன. துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பூ தொடுப்பது எல்லாமே நல்லவை. அதற்குப் பிறகு வீட்டில் இருக்கும் ஒருவரிடம் முகம் பார்த்துப் பேசுங்கள். ரேங்கைப் பற்றிப் பேச வேண்டாம்.

படுக்கையில் படம் ஓடினால்

எழுந்ததும் நேரே படுக்கைக்குப் போனால் படம் ஓடுவது உறுதி. விழிப்பும் உறக்கமும் கலக்கும் அந்த வேளையில், அன்று அதிகம் பார்த்தது மிதந்து மேலே வருகிறது. வரக் கூடாது என்று முட்டிமோதினால் அதுவே நினைவில் நிற்கும். எழுந்து மங்கிய விளக்கைப் போட்டு, அறையில் இருக்கும் ஐந்தாறு பொருள்களை நிதானமாகப் பாருங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால், ஒரு தாளில் ஐந்து புள்ளி ஐந்து வரிசை வைத்து நெளிக்கோலம் ஒன்றைக் கையெடுக்காமல் இழுத்துப் பாருங்கள். இந்த வழி எனக்கு ஓர் ஆய்வைப் படித்ததால் தோன்றியது. உளவியலாளர் எமிலி ஹோம்ஸின் குழுவினர், சாலை விபத்தில் சிக்கி ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனைக்கு வந்த 71 பேரில் ஒரு பாதியினரை, விபத்தை நினைவுகூரச் செய்தபின் டெட்ரிஸ் ஆட வைத்தனர். அவர்களுக்கு அடுத்த ஒரு வாரத்தில் விபத்துக் காட்சிகள் தாமாக மனத்தில் பாய்வது மற்றவர்களைவிடக் குறைந்தது என்று 2017இல் வெளியிட்டனர். மனம் காட்சிகளை வைத்துப் புழங்கும் இடம் சிறியது; அங்கே வேறொரு காட்சி வேலையை வைத்தால் முன்னது ஒதுங்குகிறது என்பது அவர்கள் கருத்து. கேம் தந்த படத்தைக் கோலத்தால் ஒதுக்கலாம் என்பது அதிலிருந்து நானாக எடுத்துக்கொண்டது, எனக்குப் பலித்திருக்கிறது. மொபைலில் வேறொரு கேமைத் திறந்து இதைச் செய்ய வேண்டாம்.

உறக்கம் கெடுவதுதான் இவையனைத்தையும் பெருக்குகிறது. கண்விழித்தாலே, கேம் எதுவும் ஆடாமல் இருந்தாலும், ஓரக்கண்ணில் நிழல் ஓடும், இல்லாத ஓசை கேட்கும். இரண்டும் சேர்ந்தால் எது எதனால் என்று உங்களுக்கே பிரித்தறிய முடியாது. அடுத்தடுத்து இரண்டு இரவுகள் கண்விழித்திருந்தால், முதலில் உறங்குங்கள். ஆராய்ச்சி பிறகு ஆகட்டும்.

இரண்டு வாரம் ஒரு குறிப்பேடு

பழைய நோட்டு ஒன்றை எடுத்து நாள்தோறும் நான்கே செய்திகளை எழுதுங்கள்: என்ன கேம், எவ்வளவு நேரம்; எத்தனை மணிக்கு உறங்கினேன்; பிறகு என்ன நேர்ந்தது, எத்தனை நொடி நீடித்தது; அதனால் உடம்பு ஏதேனும் செய்ததா. என் குறிப்பேட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: “ஐந்து மணி நேரம். உறக்கம் நான்கு மணி நேரம். காலை பால் வாங்கப் போகையில் காம்பவுண்டுச் சுவர் ஓரமாகக் குனிந்து நடந்தேன். நாலைந்து அடி. பக்கத்து வீட்டு அத்தை பார்த்துவிட்டார்.” இப்படி எழுதத் தொடங்கியபின்தான், மூன்று மணி நேரத்துக்குள் முடித்து ஏழு மணி நேரம் உறங்கிய நாட்களில் எனக்கு ஏறக்குறைய ஒன்றுமே நேர்வதில்லை என்பதைக் கண்டேன். உங்கள் எல்லை வேறாக இருக்கும். அதை உங்கள் நோட்டுதான் சொல்ல முடியும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

கேமை நிறுத்திச் சில நாட்கள் நன்றாக உறங்கிய பிறகும் காட்சியோ ஒலியோ தொடர்ந்தால் போக வேண்டும். தெரிவது உண்மையில்லை என்ற உணர்வு தளர்ந்தால், கேட்கும் குரல் உங்களிடம் பேசினால், ஏவினால், ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. திரை மின்னும்போது சில கணங்கள் நினைவு அறுபடுவதோ, கைகால் வெட்டி இழுப்பதோ கேமின் எச்சம் அல்ல. அது வலிப்பாக இருக்கலாம், நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டியது.

கேமுக்கு அடிமையாவது இன்னொரு விஷயம். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம், கெடுதல் தெரிந்தும் தொடர்தல் ஆகியவை பொதுவாக 12 மாதங்களாவது நீடித்து, படிப்பையோ வேலையையோ உறவையோ குலைத்திருந்தால்தான் அப்படிச் சொல்வார்கள். தலைக்கு மேல் பெயரைத் தேடியதால் மட்டும் ஒரு பிள்ளையை அந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள்.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் இந்தியாவில் அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸ் சேவையின் 14416 என்ற இலவச எண்ணிலும், இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணிலும் பேசலாம். மருத்துவரிடம் போகும்போது குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, உறக்கம் எப்படி, உண்மையென்று நம்பினீர்களா என்று அவர் கேட்பார். பதில்கள் அதில் தேதியோடு இருக்கும்.